சுத்தம் யாருடைய வேலை?

மேனேஜ்மென்ட் ஆசாமிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு புது வார்த்தை வேண்டும். நான் பி.காம். படித்த காலத்தில் அது ‘குவாலிட்டி’. அப்புறம் ‘எக்ஸலன்ஸ்’ வந்தது. ‘விஷன்’ வந்தது. ‘எமோஷனல் இன்டலிஜென்ஸ்’ வந்து கொஞ்ச நாள் குடியிருந்துவிட்டுப் போனது. இப்போது சமஸ்கிருதத்தின் முறை. வார்த்தை: ‘சௌசம்’. தமிழில் தூய்மை. நம் வீட்டில் சொல்வதானால், சுத்தம்.

சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதற்கென்றே சனி, ஞாயிறு முகாம்கள் நடக்கின்றன. செலவு கம்பெனியுடையது. வெள்ளை உடை கட்டாயம். விடியற்காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் பிராணாயாமம், வெங்காயம் பூண்டு சேராத சாப்பாடு, செல்போனுக்கு விடுமுறை, இரண்டு மணி நேரம் மௌனம். சாயங்காலம் பவர்பாயின்ட். அதன் சாரம் இவ்வளவுதான்: உடம்பு சுத்தமானால் மனசு சுத்தமாகும். மனசு சுத்தமானால் எடுக்கிற முடிவு சுத்தமாக இருக்கும். ஆகவே சுத்தமானவரே நல்ல தலைவர்.

முதல் படியில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது படியில் சின்ன சந்தேகம். மூன்றாவது படியில்தான் பாசி. அங்கே நிறைய பேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அவர்கள் விழுந்ததைவிட அவர்கள் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் விழுந்ததுதான் பலமான அடி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடாமல், படுக்கையில் செல்போனைத் தடவாமல், காலையில் பதினைந்து நிமிஷம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தால் அன்றைய பொழுது கொஞ்சம் தெளிவாகப் போகும். கோபத்தில் அடிக்க வேண்டிய ஈ-மெயிலை அடிக்காமல் விடுவோம். இது உண்மையான லாபம். இதற்கு யோக சாஸ்திரம்கூட வேண்டாம், ஒரு பாட்டி போதும். ஆனால் இப்போதெல்லாம் பாட்டி சொன்னால் கேட்பதில்லை, பதஞ்சலி சொன்னார் என்றால் நோட்டு எடுத்து எழுதிக்கொள்கிறோம். போகட்டும், எப்படியோ தூங்கினால் சரி.

கேள்வி, பதஞ்சலி நிஜமாக என்ன சொன்னார் என்பது.

யோக சூத்திரத்தில் எட்டு அங்கங்கள். முதல் அங்கம் யமம். அதில் ஐந்து: அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. இரண்டாவது அங்கம் நியமம். அதிலும் ஐந்து. சௌசம், சந்தோஷம், தபஸ், ஸ்வாத்யாயம், ஈஸ்வரப் பிரணிதானம். எண்ணிப் பாருங்கள். சுத்தம் ஆறாவது இடத்தில் வருகிறது. அடிக்காதே, பொய் சொல்லாதே, எடுக்காதே, சேர்க்காதே எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் குளி என்கிறார் மனிதர்.

முகாமில் ஆறாவது நம்பரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. ‘தேவைக்கு மேல் சேர்க்காமை’ என்று ஒரு ஸ்லைடு போட்டால், வருஷக் கடைசி போனஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் முகத்தைச் சுளிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சௌசத்தால் என்ன பலன் என்று பதஞ்சலி அடுத்தடுத்து இரண்டு சூத்திரங்களில் சொல்கிறார். இரண்டாவதாக வருவது எல்லோருக்கும் பிடித்தது: மனம் தெளியும், மலரும், ஒருமுகப்படும், புலன்கள் வசப்படும், தன்னை அறியத் தகுதி வரும். பவர்பாயின்டில் இருப்பது இதுதான். அதற்கு முன்னால் இருக்கும் சூத்திரத்தை யாரும் காட்டுவதில்லை. அது சொல்வது, சுத்தத்தைக் கடைப்பிடிக்கப் பிடிக்க ஒருவனுக்குத் தன் உடம்பின் மேலேயே ஒரு அருவருப்பு வரும், அடுத்தவரோடு ஒட்டாத விலகல் வரும் என்று.

பதஞ்சலி மேல் தப்பில்லை. அவர் பேசுவது ஊரை விட்டு, உறவை விட்டு, உடம்பையும் விடத் தயாராகிற துறவியிடம். அவனுக்கு ஒட்டாமை ஒரு சாதனை. ஆனால் நானூறு பேருக்குச் சம்பளம் போடுகிற ஆளுக்கும், ஒரு வார்டுக்குக் குப்பை வண்டி அனுப்ப வேண்டிய ஆளுக்கும் ‘அடுத்தவரோடு ஒட்டாமை’ சாதனையா? அவருக்கு அது வேலையில் குறை.

நம் ஊரில் விஷயம் அதோடு நிற்பதும் இல்லை. சுத்தம் என்ற பேரில் அடுத்தவரோடு ஒட்டாமல் இருப்பதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு பழைய பெயர் இருக்கிறது. தீட்டு. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. சட்டம் சொல்லி எழுபது வருஷத்துக்கு மேலாகியும் எந்தத் தெருவில் யார் எதுவரை வரலாம் என்பதை மனசுக்குள் கோடு போட்டு வைத்திருக்கும் சமூகம் இது. இப்படிப்பட்ட இடத்தில் ‘தூய தலைவர்’ என்ற பட்டத்தை விற்கிறவர்கள், கூடவே ஒரு எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டிக் கொடுக்க வேண்டாமா?

ஒட்டக் காகிதம் வெளியே தேட வேண்டாம், அதே புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் பாதத்தில் மனசைத் தெளிய வைக்க பதஞ்சலி வேறொரு வழி சொல்கிறார். சந்தோஷமாக இருப்பவரிடம் நட்பு, கஷ்டப்படுகிறவரிடம் இரக்கம், நல்லது செய்பவரைப் பார்த்து மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் பொருட்படுத்தாமை. கவனியுங்கள், நாலுமே அடுத்தவரோடு பழகினால்தான் செய்ய முடிகிற காரியங்கள். முகாமுக்குப் போகாமலே, ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து செய்யலாம். சக ஊழியருக்கு புரமோஷன் வந்த அன்று வயிறு எரியாமல் இருந்து பாருங்கள். எந்த ஆசனத்தையும்விட அது கஷ்டம்.

* * *

தலைவனும் தூய்மையும் என்று பேச்சு வந்தால் புதுச்சேரிக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

விஜயநகர காலம். வில்லியனூர்ப் பக்கம் பயணம் வந்த ஒரு அரசர் (கிருஷ்ணதேவராயர் என்றே பலர் சொல்வார்கள்) சாயங்கால நேரத்தில் தூரத்தில் விளக்குகள் ஜொலிக்கும் ஒரு மாளிகையைப் பார்க்கிறார். கோயில் என்று நினைத்துக் கைகூப்புகிறார். பிறகுதான் தெரிகிறது, அது ஆயி என்ற தாசியின் வீடு. அவமானம். உடனே அந்த வீட்டை இடிக்க உத்தரவு. ஆயி கெஞ்சிக் கேட்டு ஒரு அனுமதி வாங்குகிறாள்: ‘நானே இடித்துக்கொள்கிறேன்’. இடித்த இடத்தில் ஒரு குளம் வெட்டுகிறாள். இன்றைக்கு அந்த இடம் முத்திரையர்பாளையம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுவை நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது அங்கிருந்துதான் ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அந்த மண்டபம் கட்டப்பட்டு அவள் பெயரைச் சுமந்து நிற்கிறது.

கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு ஊர்வாய் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது, இதில் யார் சுத்தம் என்ற கேள்வி. அரசர் கும்பிட்டது தப்பான வாசலில் இல்லை. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது, மனசு தானாகக் குவிந்தது. வீட்டுக்காரி யார் என்று தெரிந்த பிறகுதான் அது அழுக்கானது. அந்த அழுக்கைப் போக்க அவர் செலவழித்தது தன் காசை இல்லை, அவள் வீட்டை. அதிகாரம் உள்ளவரின் தூய்மைக்கு இதுதான் சிக்கல். பில் எப்போதும் அடுத்தவர் பேரில் வரும்.

தெற்கே பாகூரிலும் இதேபோல ஒன்று சொல்வார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அதை வெட்டியது பங்காரி, சிங்காரி என்ற தாசி சகோதரிகள் என்பது ஊர்க்கதை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்கிறோம். ஊர் யாரை ஒதுக்கி வைத்ததோ, அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் தண்ணீரில்தான் அந்த நெல் விளைகிறது. எவ்வளவு சுத்தபத்தமான சமையலறையாக இருந்தாலும் உலை வைக்க அந்த அரிசிதான்.

* * *

சரி, அப்படியானால் யோக மரபில் தலைமைக்கு உதவுகிற சுத்தமே கிடையாதா? இருக்கிறது. அது எழுதப்பட்டதும் இதே ஊரில்தான்.

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தர், 1914 முதல் 1921 வரை ‘ஆர்யா’ என்ற ஆங்கில மாதப் பத்திரிகை நடத்தினார். அதில் தொடராக வந்ததுதான் ‘தி சிந்தசிஸ் ஆஃப் யோகா’. தலையணை சைஸ் புத்தகம். வாக்கியங்கள் கூட்ஸ் ரயில் மாதிரி நீளும். பொறுமையாக நாலாவது பகுதி வரை போனால், சுத்தி என்பதைப் பற்றிச் சில அத்தியாயங்கள் இருக்கின்றன. முகாம்களில் இதை யாரும் தொடுவதில்லை, தொட்டால் பவர்பாயின்ட் தாங்காது.

அவர் சொல்வதை என் பாஷையில் சொல்கிறேன். அசுத்தம் என்பது ஏதோ ஒரு பொருளில் ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை. நமக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வேலை இருக்கிறது. புத்திக்கு ஒன்று, உணர்ச்சிக்கு ஒன்று, உயிர்ச்சக்திக்கு ஒன்று. தன் வேலையைத் தான் செய்யும்வரை எல்லாமே சுத்தம்தான். ஒன்று போய் இன்னொன்றின் வேலையில் மூக்கை நுழைத்தால் அதுதான் அசுத்தம். புத்தி யோசிக்க வேண்டிய இடத்தில் ஆசை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ‘இது நன்றாக யோசித்து எடுத்த முடிவு’ என்று கையெழுத்துப் போட்டால், அந்த முடிவு அழுக்கு. எத்தனை முறை குளித்திருந்தாலும்.

இதைப் படித்தபோது எனக்கு ஆன்மிகம் ஞாபகம் வரவில்லை. பி.காம். இரண்டாம் வருஷ ஆடிட்டிங் பாடம்தான் ஞாபகம் வந்தது. அதில் ‘இன்டர்னல் செக்’ என்று ஒரு அத்தியாயம். ரொக்கம் வாங்குகிறவர் லெட்ஜர் எழுதக் கூடாது. லெட்ஜர் எழுதுகிறவர் செக்கில் கையெழுத்துப் போடக் கூடாது. இந்த இரண்டையும் செய்யாத மூன்றாவது ஆள் வந்து சரிபார்க்க வேண்டும். காஷியர் திருடன் என்பதால் இந்த ஏற்பாடு இல்லை. காஷியர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் அவர் உத்தமர் என்பதற்கு அவரே சாட்சி சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

மகான் ஆயிரம் பக்கத்தில் சொன்னதும் ஆடிட்டர் நாலு பக்கத்தில் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. வேலை குழம்பினால் அசுத்தம். ஒரு வித்தியாசம் உண்டு. மகான் சொல்வதை உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும், அதை நம்மைத் தவிர யாரும் சரிபார்க்க முடியாது. ஆடிட்டர் சொல்வதை வெளியே இருந்து யாரும் சரிபார்க்கலாம். தனி மனுஷனின் நிம்மதிக்கு முதலாவது போதும். தலைவருக்கு இரண்டாவது இல்லாமல் முடியாது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு கேஸ் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை. என்.எஸ்.இ. நாட்டின் மிகப் பெரிய பங்குச் சந்தை. உங்கள் மியூச்சுவல் ஃபண்ட், என் பி.எஃப். பணத்தில் ஒரு துண்டு எல்லாம் அங்கேதான் புரள்கிறது. 2022 பிப்ரவரி 11-ஆம் தேதி செபி ஒரு உத்தரவு போட்டது. அதில் சொன்னது இது: சந்தையின் முன்னாள் தலைமை நிர்வாகி, 2014-க்கும் 2016-க்கும் இடையில், பெயர் தெரியாத ஒரு ‘இமாலய யோகி’க்கு ஈ-மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் சந்தையின் வரவு செலவு மதிப்பீடு, டிவிடெண்ட் விஷயம், போர்டு மீட்டிங் அஜெண்டா எல்லாம் போயிருக்கின்றன. யாருக்கு என்ன பதவி, என்ன சம்பளம் என்பது வரை யோகியிடமிருந்து யோசனை வந்திருக்கிறது. அவருக்கு மூன்று கோடி ரூபாய் அபராதம் விதித்தது செபி. ஆன்மிக வழிகாட்டியிடம் பகிர்ந்துகொண்டது ரகசியத்தை மீறியதாகாது என்பது அவர் தரப்பு வாதம். உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்கும் போனார்.

அந்த அம்மாளின் பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே இருந்திருக்கட்டும். அதுதான் இங்கே பாடம். பக்தி தன் இடத்தில், பூஜை அறையில், தன் வேலையைச் செய்தவரை சுத்தம். அது எழுந்துபோய் போர்டு ரூமில் டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்த அன்று அசுத்தம். அரவிந்தரின் இலக்கணப்படியே சொல்கிறேன். அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தது யாருடைய தியானமும் இல்லை. கம்ப்யூட்டரில் தேங்கிக் கிடந்த ஈ-மெயில்களும், அதைப் புரட்டிப் பார்த்த அதிகாரிகளும்தான்.

* * *

வள்ளுவர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். வெளிச் சுத்தத்துக்கு நீரையும் உள் சுத்தத்துக்கு வாய்மையையும் அளவுகோலாக வைத்தவர், ஆட்சி செய்பவர்களிடம் வரும்போது பேச்சை மாற்றிவிடுகிறார். பொருட்பாலில், அமைச்சியலில், 66-ஆவது அதிகாரம். தலைப்பைப் பாருங்கள்: வினைத்தூய்மை. உடல் தூய்மை இல்லை, மனத்தூய்மைகூட இல்லை. செய்கிற காரியத்தின் தூய்மை. அமைச்சர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது அவருக்கு அவசியப்படவில்லை. காரியம் எந்த வழியில் நடந்தது என்பதுதான் கேள்வி. அதிகாரத்தை முடிக்கும்போது, வஞ்சகமாகச் சேர்த்த பொருளைப் பாதுகாக்க நினைப்பது, சுடாத பச்சை மண் பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பதைப் போல என்கிறார்.

பானை விஷயம் என்றால் வில்லியனூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே மண் பிசைந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“பெரியவரே, இதுக்கு ரொம்ப சுத்தமான களிமண்ணா வேணும், இல்லையா?”

“சுத்தமான களிமண்ண வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? காயும்போதே வெடிச்சிடும். மணலு கலக்கணும். அப்பதான் நிக்கும்.”

“அப்ப எதையும் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“எடுக்காம? கல்லு, வேரு எல்லாத்தையும் பொறுக்கிடணும். முக்கியமா சுண்ணாம்புக் கல்லு. இத்துனூண்டு உள்ள மாட்டிக்கிச்சின்னு வைங்க, சூளையில ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் வெந்து வரும். அப்பறமா ஈரம் பட்டுச்சின்னா, பொட்டுனு புட்டுக்கும்.”

பெரியவர் சொன்னதில் ஒரு முழு மேனேஜ்மென்ட் கோர்ஸ் இருக்கிறது, ஃபீஸ் இல்லாமல். கலப்பே இல்லாமல் இருப்பது சுத்தம் இல்லை. எதைக் கலக்க வேண்டும், எதைப் பொறுக்கி எறிய வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் சுத்தம். மணல் வேறு ஜாதிதான், ஆனால் பானையை நிறுத்தி வைக்கிற வேலையைச் செய்கிறது. சுண்ணாம்புக் கல்லும் பார்வைக்கு வெள்ளையாக அழகாகத்தான் இருக்கும். ‘ஆமாம் சார்’ போடுகிறவர்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர்த்துப் பேசுகிறவரை ‘நெகட்டிவ் எனர்ஜி’ என்று ஒதுக்கும் தலைவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மணலைப் பொறுக்கி எறிந்துவிட்டு சுண்ணாம்புக் கல்லை உள்ளே வைத்துப் பிசைகிறார்கள். சூளையில் ஒன்றும் தெரியாது. ஈரம் படும்போது தெரியும்.

* * *

இப்போது கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்கு வருவோம். தலைமை என்பது கோட்டு சூட்டு விவகாரம் மட்டும் இல்லை.

1880-ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்தியப் பகுதிகளில் கொம்யூன்களை ஏற்படுத்தினார்கள். வில்லியனூரும் பாகூரும் அந்த முதல் பட்டியலிலேயே உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும், முனிசிபல் கவுன்சில் உறுப்பினர்களும். சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. அதாவது, இந்த மண் எந்த நாட்டோடு சேர்வது என்பதையே கொம்யூன் மட்டத்தில் ஜெயித்து வந்தவர்களையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது? 2006-ல். முப்பத்தெட்டு வருஷம். அந்த 2006 கவுன்சில்களின் காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷத்தில் வர வேண்டிய தேர்தல் வரவில்லை, அதிகாரிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். 2021-ல் அறிவிப்பு வந்தது, இட ஒதுக்கீட்டுக் குளறுபடியில் கோர்ட்டுக்குப் போய் நின்றது. இதில் எந்த ஒரு கட்சியையும் மட்டும் சொல்ல முடியாது. நடுவில் எல்லோரும்தான் ஆண்டார்கள்.

அதிகாரிகளில் நேர்மையானவர்கள் நிறைய. விடியற்காலையில் எழுந்து யோகா செய்கிறவர்களும் இருப்பார்கள். ஜனவரி முதல் வாரத்தில் கடற்கரையில் அரசு நடத்தும் யோகா விழாவுக்கு புதுச்சேரி பல வருஷமாகப் பேர் போன ஊர். ஆனால் கணக்கை அந்த ஆடிட்டிங் பாடத்தில் வைத்துப் பாருங்கள். வரி போடுவதும் அதிகாரி, செலவுக்கு ஒப்புதலும் அதிகாரி, செலவழிப்பதும் அதிகாரி, சரியாகச் செலவானதா என்று கேள்வி கேட்க வேண்டிய கவுன்சிலரின் வேலையும் அதிகாரி. ஒரு கருவி நாலு கருவியின் வேலையைச் செய்கிறது. அந்த மனுஷர் தங்கமாகவே இருக்கட்டும், ஏற்பாடு அசுத்தம். இது என் தீர்ப்பு இல்லை. பாண்டிச்சேரியில் உட்கார்ந்து நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய யோகியின் இலக்கணம்.

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று தோன்றினால், 2024 ஜூன் 11-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். வில்லியனூர் சாலையில் இருக்கிற ரெட்டியார்பாளையம், புதுநகர். உழவர்கரை நகராட்சிப் பகுதி. காலையில் தங்கள் வீட்டுக் கழிப்பறைக்குப் போன பெண்கள், பாதாளச் சாக்கடையிலிருந்து ஏறி வந்த விஷவாயுவில் சுருண்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி பதினைந்து வயசுப் பள்ளிக்கூடப் பெண்.

சுத்தம் என்பது என் உடம்பு, என் வீடு, என் மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்புக்கு இதைவிடக் கொடூரமான பதில் இருக்க முடியாது. உங்கள் பாத்ரூம் டைல்ஸை நீங்கள் பளபளவென்று தேய்த்து வைக்கலாம். அதற்குக் கீழே ஓடும் குழாய் உங்களுடையது இல்லை. அது ஊருடையது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அந்த ஆளைக் கேள்வி கேட்க இன்னொரு ஆள் வேண்டும். கவுன்சிலர் ஒருவர் இருந்திருந்தால் அந்த மூன்று உயிரும் தப்பியிருக்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நாற்றம் அடித்த அன்றே ராத்திரி பத்து மணிக்குப் போய், “அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க” என்று கதவைத் தட்ட அந்த வார்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீடு இருந்திருக்கும். அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோமே என்ற பயத்திலாவது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். அந்தப் பயம் ரொம்ப சாத்விகமான உணர்ச்சி இல்லைதான். ஊருக்கு அது போதும்.

யோகா வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். தூக்கம் நன்றாக வரும், வீட்டில் எரிந்து விழுவது குறையும், பிளட் பிரஷருக்கும் நல்லது என்கிறார்கள். அதை உங்கள் சொந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள். தலைமைக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். நான் தியானம் செய்கிறேன், ஆகவே என் முடிவு சுத்தம், ஆகவே என்னைக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று ஒரு தலைவர் நினைக்க ஆரம்பிக்கும் இடத்தில், அவருடைய தியானமே அவருக்குத் தடித்த தோலாகிவிடுகிறது. திருடன் என்று தெரிந்தவரைச் சுற்றி நாலு பேர் காவல் இருப்பார்கள். தூயவர் என்று பேரெடுத்தவரைச் சுற்றி யாரும் இருக்க மாட்டார்கள். ஆபத்து எங்கே அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. சாயங்கால பவர்பாயின்டில் கடைசி ஸ்லைடாக நாலே நாலு கேள்வி போடுங்கள். ஒன்று: போன வருஷம் நீங்கள் எடுத்த முடிவுகளில், உங்களுக்குக் கீழே இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொல்லி, நீங்கள் நிறுத்திக்கொண்டது எது? இரண்டு: உங்கள் பில்களைப் பாஸ் செய்கிறவர் உங்களால் சம்பள உயர்வு பெறுகிறவரா? மூன்று: இந்த மண்டபத்தின் கழிப்பறையை இன்று காலையில் கழுவியவரின் பெயர் என்ன, அவருக்கு உங்களோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு உண்டா? நாலு: உங்கள் பதவிக்காலம் என்றைக்கு முடிகிறது, அந்தத் தேதியை முடிவு செய்கிறவர் யார்?

நாலுக்கும் பதிலை எழுதி, பேர் போட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தும் குடிக்கலாம்.